மணலில் எழுதிப் பார்த்தல்

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நடைபெற்ற காலத்தில், எழுத்தறிவிக்கப் பெற்ற பிள்ளை எடுத்த எடுப்பில் ஏட்டையும் எழுத்தாணியையும் தொட்டதில்லை. தரையிலே மணலைப் பரப்பி, விரலால் அகரம் வரையும். அது கோணினால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடியும் வரையும். கை பழகிய பின்னரே ஓலை. ஓலையிற் கீறிய எழுத்தை அழிக்க இயலாது. பிழை நேர்ந்தால் ஓலையே வீண். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென இருந்த பள்ளியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். அங்குக் கண்ட கல்வி முறையைப் பற்றி 1797ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்திலும் ஏழைப் பிள்ளைகள் மணற்பலகையில் எழுதக் கற்றனர்.

இச்செய்தியை இங்கு நினைவுகூரக் காரணம் உண்டு. கணிப்பொறித் தொழிலில் இன்று 'சாண்ட்பாக்ஸ்' என்றொரு சொல் வழங்குகிறது. மணற்பெட்டி என்பது அதன் பொருள். ஆங்கிலம் பேசுவோர் இப்பெயரைத் தம் குழந்தைகள் விளையாடும் மணல் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டனரேயன்றி நம் திண்ணையிலிருந்து அன்று. எல்லாம் நம்மிடமிருந்தே சென்றன என்று மார்தட்டும் வழக்கம் நமக்கு வேண்டா. ஆயினும் கருத்து ஒன்றேதான்: அழிக்கக்கூடிய இடத்தில் முதலில் எழுதிப் பார், அழிக்க முடியாத இடத்தில் பிறகு எழுது.

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனார் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்றுப் பம்பாய் வந்தவராக இருப்பார். தாராவியில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலை நம்பி வந்தவர்கள். இன்று அவ்வில்லங்களின் பேரப்பிள்ளைகள் ஐரோலிக்கும் பவாய்க்கும் அந்தேரிக்கும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். பலர் புறப்படும் நேரம் நாம் இரவு உணவு உண்ணும் நேரம். "உன் மகள் என்ன வேலை பார்க்கிறாள்?" என்று கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டர் வேலை, சர்வீஸ் டெஸ்க் என்கிறாள்" என்பதற்கு மேல் தாய்மார்களால் விடை சொல்ல இயலுவதில்லை. அவ்வேலை எத்தகையது, அதில் ஒரு சிறு பிழை எத்துணைத் தொலைவு செல்லும், அதனின்று காத்துக்கொள்ளும் வழி யாது என்பவற்றை வீட்டாரும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானோம்.

ஆயிரம் பேர் பணிபுரியும் ஒரு காரியாலயத்தை எண்ணிக்கொள்வோம். ஒருவருக்குக் கடவுச்சொல் மறந்துபோகும். மற்றொருவருக்கு அச்சுப்பொறி இயங்காது. புதிதாகச் சேர்ந்தவருக்கு மடிக்கணினி வேண்டும். இவர்கள் யாவரும் முறையிடும் ஒரே வாயிலுக்கே சர்வீஸ் டெஸ்க் என்று பெயர். முறையீடு ஒவ்வொன்றும் எண்ணிட்ட ஒரு சீட்டாகப் பதிவாகும். அதனை 'டிக்கெட்' என்பர். அச்சீட்டு எவரிடம் செல்ல வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் தீர்க்கப்பட வேண்டும், தாமதமானால் எந்த மேலாளருக்குச் செய்தி போக வேண்டும், எவர் ஒப்புதல் தந்தால் புதிய மடிக்கணினி கிடைக்கும் என்பனவெல்லாம் மென்பொருளில் விதிகளாக எழுதப்பட்டிருக்கும்.

இம்மென்பொருள்களுள் உலகெங்கும் பரவியுள்ள சில நம் தமிழ் மண்ணில் உருவானவை. 1996இல் தொடங்கப்பெற்று 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் மேனேஜ் எஞ்சின் பிரிவு 'சர்வீஸ் டெஸ்க் பிளஸ்' என்பதை ஆக்கியது. வாடிக்கையாளர் முறையீடுகளைக் கவனிக்கும் 'ஜோஹோ டெஸ்க்', தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அந்நிறுவனம் அமைத்த அலுவலகத்தில் உருப்பெற்றது. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் முதலியோர் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்ஒர்க்ஸ் நிறுவனம் 'ஃபிரெஷ்சர்வீஸ்' என்பதை ஆக்கியது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. எந்த மண்ணில் பிழைப்பு இல்லையென்று நம் முன்னோர் இரயிலேறினார்களோ, அம்மண்ணில் ஆக்கிய கருவியை வைத்து அவர்தம் பேரப்பிள்ளைகள் மும்பையில் பிழைக்கிறார்கள்.

இனி விதிகளைப் பற்றி. விதியை எழுதுவது எளிது. ஒரு வரியில் எழுதிவிடலாம். அதன் விளைவை முன்னறிவதே அரிது. ஒரு மருத்துவமனையின் கணிப்பொறிப் பிரிவில், 'பிரிண்டர்' என்ற சொல் வரும் முறையீடுகளையெல்லாம் அச்சுப்பொறிக் குழுவுக்கு அனுப்புக என்று ஒரு விதி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல விதிதான். ஆனால், "இரத்தப் பரிசோதனைக் கணினி முற்றிலும் நின்றுவிட்டது, பிரிண்டரில் முடிவும் வரவில்லை" என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் எழுதினால், அச்சீட்டும் அச்சுப்பொறிக் குழுவுக்கே போகும். அவர்கள் காலையில் வருவார்கள். அதுவரையில் அவசரச் சிகிச்சைப் பகுதியில் முடிவுக்காகக் காத்திருப்பவர் எவரோ ஒருவரின் தந்தை. விதியை எழுதியவர் தீயவர் அல்லர். கவனமற்றவர் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் அதனை மணலில் எழுதிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

வேறொரு வகையான விபத்து நகைப்புக்கு இடந்தருவது. முறையீடு வந்தவுடன் "தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி" என்று தானே மறுமொழி அனுப்பும் விதி பெரும்பாலும் எங்கும் உண்டு. எதிர்ப்புறத்தில் இருப்பதும் அதேபோன்று தானே மறுமொழி தரும் ஓர் அஞ்சற்பெட்டியாக இருந்துவிட்டால், இரண்டு இயந்திரங்களும் இரவு முழுவதும் ஒன்றுக்கொன்று நன்றி தெரிவித்துக்கொண்டே இருக்கும். விடியும்போது சீட்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும். அக்குவியலுக்கு அடியில் உண்மையான முறையீடுகள் நான்கோ ஐந்தோ புதைந்திருக்கும்.

மணற்பெட்டி என்பது, நடப்பில் இருக்கும் அமைப்பின் மறுபடி. விதிகள், படிவங்கள், குழுக்கள், ஒப்புதல் வரிசைகள் ஆகியவை அதில் அப்படியே பிரதி செய்யப்பட்டிருக்கும். ஆனால் அதிற் செய்யும் எதுவும் உண்மையான பணியாளரைத் தொடாது. புதிய விதியை அங்கே எழுதி, பொய்யான முறையீடுகள் சிலவற்றை இட்டு, அவை எங்கெங்குச் செல்கின்றன என்று பார்க்கலாம். சரியென்று கண்டபின் அம்மாற்றங்களை மட்டும் நடப்பு அமைப்புக்கு மாற்றலாம். சர்வீஸ் டெஸ்க் பிளஸ், ஃபிரெஷ்சர்வீஸ் ஆகியவற்றின் இணையவழி அமைப்புகளிலும், ஆஸ்திரேலியாவில் தோன்றிய அட்லாசியன் நிறுவனத்தின் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. ஆனால் இது பெரும்பாலும் விலையுயர்ந்த திட்டங்களிலேயே தரப்படுகிறது. சிக்கனம் கருதும் நிறுவனங்கள் முதலில் வெட்டுவதும் இச்செலவைத்தான். இது சிக்கனமன்று என்பது நம் கருத்து. தாராவியில் தோற்பை தைப்பவர், புதிய வடிவமென்றால் அட்டையிலோ மலிவான ரெக்சினிலோ ஒன்று வெட்டித் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் நல்ல தோலில் கத்தியை வைக்கிறார். ரெக்சின் செலவை அவர் வீண் என்று எண்ணுவதில்லை.

மாதுங்காப் பாட்டனாருக்கும் இது புதிதன்று. சைக்ளோஸ்டைல் இருந்த நாளில், ஒரு சுற்றறிக்கையை நேரே ஸ்டென்சிலில் தட்டுவதற்கு எந்தத் தட்டெழுத்தாளர் துணிந்தார்? முதலில் வெறுந்தாளில் வரைவு. அதிகாரி அதில் சுருக்கொப்பம் இட வேண்டும். அதன் பின்னரே ஸ்டென்சில். பேத்தி இன்று செய்வது அவ்வரைவின் வேலைதான் என்று சொன்னால் அவர் உடனே விளங்கிக்கொள்வார். அச்சுருக்கொப்பத்துக்கும் ஈடு இன்று உண்டு. 1980களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசின் கணிப்பொறி நிறுவனம் வகுக்கத் தொடங்கிய 'ஐடில்' என்னும் நெறிமுறையில், மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எந்த மாற்றம், எதற்காக, எவர் ஒப்புதலுடன், தவறினால் பழைய நிலைக்குத் திரும்புவது எவ்வாறு என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

மணற்பெட்டி இருந்தாலே போதுமா எனின், போதாது. இங்கேதான் பலர் இடறுகிறார்கள்.

மென்பொருளைத் தம் சொந்தக் கணினியிலேயே நிறுவி வைத்திருக்கும் காரியாலயங்கள், நடப்பு அமைப்பின் காப்புப் பிரதியை எடுத்து வேறொரு கணினியில் நிறுவிச் சோதனை செய்வது வழக்கம். காப்புப் பிரதியில் எல்லாம் இருக்கும். அஞ்சற்பெட்டியின் முகவரியும் கடவுச்சொல்லும்கூட இருக்கும். சோதனைக் கணினி உயிர்பெற்றவுடன் முதலிற் செய்யும் வேலை, அவ்வஞ்சற்பெட்டியைத் திறந்து, வந்துள்ள உண்மையான முறையீடுகளை எடுத்துக்கொள்வது! பணியாளர் அனுப்பிய முறையீடு சோதனைக் கணினியில் பதிவாகிவிடும். நடப்பு அமைப்பில் அமர்ந்திருப்பவர், "இன்று முறையீடே இல்லை" என்று மகிழ்ந்திருப்பார். இதற்கு மறுபுறமும் உண்டு: நாள் கடந்த பழைய சீட்டுகளைக் கண்ட சோதனைக் கணினி, மேலாளர்களுக்கெல்லாம் தாமத எச்சரிக்கைகளை அனுப்பத் தொடங்கிவிடும். ஆதலால் பிரதியை நிறுவும்போதே, வலைத்தொடர்பைக் கொடுக்குமுன், அஞ்சல் வாங்குதலையும் அனுப்புதலையும் நிறுத்திவிட வேண்டும். இணையவழி மணற்பெட்டியிலும், அஞ்சலும் பிற மென்பொருள்களுடனான இணைப்புகளும் எந்நிலையில் உள்ளன என்பதை முதலிற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, சோதித்த பொருளும் செலுத்திய பொருளும் ஒன்றாக இருத்தல். மேலே கூறிய அட்லாசியன் நிறுவனத்துக்கே 2022 ஏப்ரல் 5ஆம் நாள் நேர்ந்தது இதற்குப் பெருஞ்சான்று. பயன்பாடற்றுப்போன ஒரு பழைய செயலியை வாடிக்கையாளர்தம் தளங்களினின்று நீக்குவதற்கு ஒரு நிரலை ஓட்டினார்கள். முதலில் 30 தளங்களில் ஓட்டிப் பார்த்தார்கள், செம்மையாக இயங்கிற்று. பின்னர் எஞ்சியவற்றுக்கு ஓட்டியபோது, கொடுக்கப்பட்ட பட்டியலில் அச்செயலியின் எண்களுக்குப் பதிலாகத் தளங்களின் எண்களே இருந்தன. நிரல் சொன்னதைச் செய்தது: தளங்களையே அழித்தது. 775 வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டனர்; சிலருக்கு மீட்சி கிடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. முறையீடு வாங்கும் மென்பொருளை விற்பவர்க்கே முறையீடு குவிந்தது. சோதனை நடைபெறவில்லை என்று எவரும் கூற முடியாது. சோதித்தது ஒரு பட்டியலை. செலுத்தியது வேறொரு பட்டியலை.

2024 ஜூலை 19ஆம் நாள் மும்பை விமான நிலையத்தில் நின்றவர்கள் நம் அன்பர்களுள்ளும் இருக்கக்கூடும். அன்று காலை நம் நேரப்படி 9.39க்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் உலகெங்கும் உள்ள கணினிகளுக்கு ஒரு சிறிய புதுப்பிப்பை அனுப்பியது. 78 நிமிடங்களில் அதனைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணத்தை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது இது: புதுப்பிப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கணினியில் இருந்த நிரல் கொடுத்தது 20. முன்பு செய்த சோதனைகளில் 21ஆவது உள்ளீடு 'எதுவாயினும் சரி' என்று விடப்பட்டிருந்தமையால் குறை கண்ணில் படவில்லை. மேலும், அதனைச் சிலருக்கு முதலிலும் மற்றவர்க்குப் பின்னரும் என்று படிப்படியாக அனுப்பாமல், யாவருக்கும் ஒரே வேளையில் அனுப்பிவிட்டார்கள். பாதிப்புற்ற காரியாலயங்களில் அன்றிரவு உறங்காது, பெரும்பாலும் ஒவ்வொரு கணினியாகத் திறந்து பழுது நீக்கியவர்கள் யார்? சர்வீஸ் டெஸ்க்குப் பிள்ளைகள்தாம்.

மணற்பெட்டியும் நடப்பும் ஒத்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. பிரிட்டனில் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் தன் கணக்குகளையெல்லாம் புதிய அமைப்புக்கு மாற்றியது. இரண்டு தரவு நிலையங்களுள் ஒன்றில் மட்டுமே பளுச்சோதனை நடைபெற்றிருந்தது என்பது பின்னர் விசாரணையில் தெரிய வந்தது. இலட்சக்கணக்கான வாடிக்கையாளர் தம் பணத்தைக் காண முடியாமல் தவித்தனர். 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சம் பவுனுக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. சர்வீஸ் டெஸ்க்கிலும் இதே கதைதான். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த மணற்பெட்டியில் சோதித்துவிட்டு, இடையில் நடப்பு அமைப்பில் பிறர் செய்த பத்து மாற்றங்களை அறியாமல் செலுத்துவது வீண் வேலை. சோதனைக்கு முன்னர் மணற்பெட்டியைப் புதுப்பித்துக்கொள்வதே முறை.

நம் நகரிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. தாராவிக்கு அருகில் பாந்த்ரா குர்லா வளாகத்தில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தை, சனிக்கிழமைகளில் 'மாக் டிரேடிங்' என்னும் போலி வாணிகம் நடத்துவதுண்டு. தரகர்கள் தம் உண்மையான கணினிகளையே வைத்துப் பொய்யாக வாங்கி விற்பார்கள். பணமும் பங்கும் கைமாறா. திங்கட்கிழமை வாணிகம் தொடங்கும்போது புதிய மென்பொருள் பழகியிருக்கும். தேர்தல் நாளிலும் இதனை நாம் காண்கிறோம். வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதிந்து, எண்ணிக் காட்டி, அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழிக்க மறந்த இடங்களில் பின்னர் எண்ணிக்கையில் குழப்பம் நேர்ந்ததுண்டு. மாதிரி வாக்கு உண்மையான வாக்கோடு கலத்தல் கூடாது; சோதனைச் சீட்டும் அவ்வாறே.

கலப்பதற்கு மிக எளிய வழி, கணினித் திரையில் இரண்டு சாளரங்களை அருகருகே திறந்து வைத்துக்கொள்வதுதான். ஒன்று மணற்பெட்டி, மற்றொன்று நடப்பு. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். 2017 ஜனவரி 31ஆம் நாள் இரவு கிட்லேப் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர், துணைக் கணினியில் இருப்பதாக எண்ணிக்கொண்டு முதன்மைக் கணினியின் தரவுகளை அழித்தார். ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகறிய எழுதியது. அதற்காக அதனைப் பாராட்ட வேண்டும். மணற்பெட்டியின் தலைப்புக்கு வேறு நிறம் கொடுப்பதும், வேறு உலாவியில் திறப்பதும், சோதனைச் சீட்டுகளின் தலைப்பில் 'சோதனை' என்று எழுதுவதும் அற்பமாகத் தோன்றும். களைத்த கண்ணுக்கு இரவு மூன்று மணிக்கு அந்த நிறந்தான் துணை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சோதனைக்கு வசதியென்று உண்மையான முறையீடுகளை மணற்பெட்டியில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முறையீட்டில் ஒருவரின் சம்பளக் கணக்கு இருக்கும். நோயைப் பற்றிய விடுப்புக் கடிதமும் இருக்கும். 2023இல் நம் நாட்டில் தனிமனிதர் தரவுகளைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த வீட்டாரின் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்துப் பழகுதல் தகாது. பெயரையும் எண்ணையும் மாற்றிப் பொய்ச் சீட்டுகளே செய்துகொள்ளலாம்.

இனி, நம் இல்லங்களுக்கு நேரே தொடர்புடைய செய்திக்கு வருகிறோம். இவ்வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுள் பலர் ஒப்பந்தத்தில் பணிபுரிகிறவர்கள். வேறொரு நிறுவனத்தின் மூலமாக அமர்த்தப் பெற்றவர்கள். தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள். வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசியில், "இந்த விதியை உடனே மாற்றிவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மேலிருப்பவர் சொல்லுவார். மாற்றியது சரியாக இருந்தால் எவருக்கும் நினைவிராது. தவறினால், மாற்றத்தைச் செய்தவர் யார் என்று மென்பொருளின் பதிவேட்டில் பார்ப்பார்கள். அங்கே இருப்பது சொன்னவரின் பெயரன்று. திங்கட்கிழமை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பிள்ளையை நாம் அறிவோம். அவ்வீட்டில் வாடகைக்கும் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அச்சம்பளமே ஆதாரமாக இருந்தது.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: மேலதிகாரியிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டுவதில்லை. "ஐயா, மணற்பெட்டியில் செய்து காட்டுகிறேன்; பார்த்துவிட்டு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், உடனே செலுத்திவிடுகிறேன்" என்று பணிவோடு சொல்லலாம். அரை மணி நேரம் தாமதமாகும். அவ்வொரு வரிக் கடிதம் பாட்டனார் காலத்துச் சுருக்கொப்பத்துக்கு நிகர். மாற்றுமுன் பழைய விதியைத் திரைப்படம் எடுத்து வைத்துக்கொள்வதும் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையைத் தவிர்த்து, மறுநாளும் ஆட்கள் பணியில் இருக்கும் நாளைத் தேர்வதும், செலுத்தியபின் ஒரு மணி நேரம் உடனிருந்து சீட்டுகள் செல்லும் வழியைக் காண்பதும் கூடவே வேண்டும்.

சோதிக்கும்போது சரியான முறையீட்டை மட்டும் இட்டுப் பார்த்தல் பயனற்றது. முறையிடுபவர் எவரும் நம் விருப்பப்படி எழுதுவதில்லை. தலைப்பே இல்லாத கடிதம், ஒரே கடிதத்தில் மூன்று குறைகள், இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் கலந்த வாசகம், விடுப்பில் இருக்கும் மேலாளரின் ஒப்புதலை நாடும் விண்ணப்பம் ஆகியவற்றை இட்டுப் பார்க்க வேண்டும். மணற்பெட்டிக்குள் முறையீட்டாளராகவும், பழுது நீக்குபவராகவும், மேலாளராகவும் மாறி மாறி நுழைந்து பார்க்க வேண்டும். நிர்வாகியின் கண்ணுக்கு எல்லாப் படிவங்களும் தெரியும். சாதாரணப் பணியாளருக்கு அவற்றுள் பாதி தெரியாமலிருக்கலாம்.

கல்லூரி முடித்து வேலை தேடும் இளைஞர்கள், இம்மென்பொருள்களுட் பலவற்றைச் சில நாள்கள் கட்டணமின்றித் திறந்து பழகலாம். நண்பர் இருவரோ மூவரோ சேர்ந்து, ஒருவர் முறையீட்டாளர், ஒருவர் பழுது நீக்குபவர், ஒருவர் மேலாளர் என்று பிரித்துக்கொண்டு, பத்து விதிகள் எழுதி அவற்றைத் தாமே கெடுத்துப் பார்க்கலாம். எவ்விதி எதனால் கெட்டது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், நேர்முகத் தேர்வில் "நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது சொல்லுவதற்குப் பத்துச் செய்திகள் கையில் இருக்கும். தேர்வின் முடிவில் அவர்கள், "நீங்கள் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?" என்பார்கள். அப்போது, அக்காரியாலயத்தில் மணற்பெட்டி உண்டா, அதனைக் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று கேட்கலாம்.